டிவியில் கேள்வி கேட்டவர் எம்.பி. ஆனபின்: சன்சத் தளமும் சன்சத் டிவியும் எப்படி?

ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் அமைச்சர்களை மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எம்.பி. ஆகிவிடுகிறார். அங்கே போய் என்ன கேட்டார், என்ன பதில் வாங்கினார் என்று பார்க்க நமக்கு இருக்கும் இலவச வழி இரண்டு: நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளம், சன்சத் டிவி. கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து இவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்கான மதிப்பீடு இது. மார்க்கை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுத்துப் பதிவுக்கு ஐந்துக்கு நாலு, காணொலிக்கு மூன்று, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கான வசதிக்கு ஒன்றரை.

சோதித்துப் பார்க்கப் பத்திரிகையாளர்-எம்.பி.தான் நல்ல ஆள். மற்ற எம்.பி.க்களை எதை வைத்து அளப்பது என்பதிலேயே சண்டை வரும். இவருக்கு அந்தக் குழப்பம் இல்லை, தொழிலே கேள்வி கேட்பது. தமிழ் டிவி நேர்காணல்களால் வீட்டுக்கு வீடு தெரிந்த ரபி பெர்னார்டு, அ.தி.மு.க. சார்பில் 2011 முதல் 2016 வரை மாநிலங்களவையில் இருந்தார். ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சியில் நீண்ட காலம் இருந்த சாகரிகா கோஷ், திரிணமூல் காங்கிரஸ் சார்பில் மேற்கு வங்கத்திலிருந்து 2024 ஏப்ரலில் அதே அவைக்குப் போனார். இரண்டுமே மாநிலங்களவை என்பதைக் கவனியுங்கள். டிவி முகத்துக்குக் கட்சி கொடுக்கிற இடம் பெரும்பாலும் அதுதான். வீதி வீதியாகப் போய் ஓட்டுக் கேட்கும் வேலை இல்லை.

தளத்துக்குள் போகும் முன்பு அவையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். சன்சத் தளத்தில் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனி வாசல். ஒன்றில் தேடினால் மற்றதன் ஆள் வரமாட்டார். கடலூர்க்காரர்கள் வழக்கமாக இடறும் இடம் இன்னொன்று: மாவட்டமும் தொகுதியும் ஒன்றல்ல. கடலூர் மக்களவைத் தொகுதியில் திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள்தான் வரும். புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் மூன்றும் கடலூர் மாவட்டம்தான், ஆனால் சிதம்பரம் மக்களவைத் தொகுதி. புதுச்சேரியில் வேறு மாதிரி. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மக்களவைக்கு ஒருவர், மாநிலங்களவைக்கு ஒருவர், அவ்வளவே.

அடுத்து பெயர். தேடல் பெட்டிக்கு ஆங்கில எழுத்துதான் புரியும், அதிலும் அவர்கள் பதிந்து வைத்திருக்கும் எழுத்துக்கூட்டல்தான். நம் ஊர் இனிஷியல்கள் ஒரு பெயரில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். சிதம்பரம் எம்.பி. திருமாவளவன் பெயரில் 'மா'வுக்கு இரண்டு ஆங்கில 'ஏ' போட்டிருக்கிறார்கள். ஒன்று போட்டுத் தேடினால் 'இல்லை' என்றுதான் வரும். முழுப்பெயரைத் தட்டாதீர்கள். பெயரின் நடுவிலிருந்து நான்கைந்து எழுத்து போதும். அல்லது உறுப்பினர் பட்டியலை மாநிலவாரியாக விரித்து, கண்ணால் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கு 39 பேர், அதிக நேரம் ஆகாது.

எம்.பி.யின் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது எண்ணிக்கை. இத்தனை கேள்வி, இத்தனை விவாதம். வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இந்த எண்தான். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் கேள்வியில் இரண்டு சாதி உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியிடாததற்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, மற்றது 230. மாநிலங்களவையில் 15, 160. எந்தக் கேள்வி எந்த வரிசையில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆக, 300 கேள்வி கேட்டவர் என்றால் அதில் ஏறக்குறைய எல்லாமே குறியிடாத கேள்வியாகத்தான் இருக்கும். உதவியாளர் எழுதி, எம்.பி. கையெழுத்து போட்டு அனுப்புவதும் சகஜம். தப்பில்லை, ஆனால் அதை நேர்காணல் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

பதில் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும், ஆங்கிலத்திலும் இந்தியிலும். தளத்தின் மிகப் பெரிய பலம் இது. ஒருமுறை வடிவம் பிடிபட்டால் ஒரு கோப்பை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். மேலே அமைச்சகத்தின் பெயர், அதன் கீழே அவை, கேள்வி எண், பதில் சொன்ன தேதி, பெரிய எழுத்தில் தலைப்பு, எம்.பி.யின் பெயர். அப்புறம் அ, ஆ, இ என்று பிரித்த கேள்வி, கடைசியில் பதில். பார்க்க வேண்டியது பிரிவுகளைத்தான். கேள்வியில் ஐந்து பிரிவு இருந்து, பதிலில் 'அ முதல் உ வரை' என்று ஒரே பத்தியாகத் திரட்டிக் கொடுத்திருந்தால், ஏதோ ஒரு பிரிவுக்குப் பதில் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். எது விடுபட்டது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மாவட்டவாரியாக எண் கேட்டால் மாநிலவாரியாகக் கொடுப்பது பழைய கைவரிசை.

'விவரம் திரட்டப்படுகிறது, அவை முன் வைக்கப்படும்' என்ற வரி வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவகாசம் கேட்டு வாங்க வேண்டும். இதைக் கண்காணிக்கவே ஓர் உறுதிமொழிக் குழு இரு அவையிலும் இருக்கிறது. எம்.பி. அந்தக் கேள்வியை அதோடு விட்டாரா, அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்டாரா என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பழைய செய்தி ஆசிரியர்கள் 'ஃபாலோ-அப்' என்று உயிரை வாங்குவார்களே, அதுதான்.

இனி முக்கியமான இடம். நேர்காணல் எடுத்துப் பழகியவரின் கை தெரிவது துணைக்கேள்வியில். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் பதிலை மேசையில் வைத்ததும், கேட்டவர் எழுந்து இரண்டு துணைக்கேள்வி கேட்கலாம். மூலக் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும், அதிகாரிகள் உட்கார்ந்து பதில் தயாரிப்பார்கள். துணைக்கேள்விக்கு முன்னறிவிப்பு கிடையாது. அமைச்சர் கையில் குறிப்புக் கட்டு இருக்கும், ஆனாலும் கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது. டிவி ஸ்டூடியோவுக்கு மிகவும் பக்கத்தில் வரும் நேரம் நாடாளுமன்றத்தில் இது ஒன்றுதான்.

ஆனால் இந்தத் துணைக்கேள்வி பதில் பி.டி.எஃப்.-இல் இருக்காது! கோப்பைப் பார்த்துவிட்டு 'சும்மா சம்பிரதாயக் கேள்வி' என்று முடிவு கட்டுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். கோப்பில் உள்ள தேதியை எடுத்துக்கொண்டு, 'விவாதங்கள்' பகுதிக்குப் போய், அந்த நாளின் முழுப் பதிவைத் திறந்து, கேள்வி நேரத்தில் எம்.பி.யின் பெயரைத் தேட வேண்டும். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 முதல் 12. மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து 12 முதல் 1 மணி. ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்விதான் எடுக்க முடியும். வரிசையில் பதினைந்தாவதாக இருந்த நட்சத்திரக் கேள்விக்கு அநேகமாகத் துணைக்கேள்வியே நடந்திருக்காது, பதில் எழுத்தில் போயிருக்கும். அவை ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் அப்படியே. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லை, அந்தத் தொடரில் துணைக்கேள்வி தேடி அலைய வேண்டாம். கேள்வியே கேட்காத எம்.பி. என்று யாரையாவது சாடும் முன்பு அவர் அமைச்சராக இருந்தாரா என்றும் பாருங்கள். அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திடுவதில்லை. எம்.பி.க்களின் வருகை, கேள்விக் கணக்கைத் தொகுத்து வெளியிடும் பி.ஆர்.எஸ். அமைப்பின் தளத்தில் அவர்களுக்கு அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருப்பது அதனால்தான்.

பதிவில் இரண்டு பதிப்பு உண்டு. அன்றன்றைக்கு வருவது திருத்தப்படாத பதிப்பு, பின்னால் வருவது திருத்திய பதிப்பு. அவசரத்துக்கு முதலாவது போதும், மேற்கோள் காட்டுவதானால் இரண்டாவது. இடையில் நட்சத்திரப் புள்ளிகள் கோர்த்தாற்போல் தெரிந்தால், அவைத்தலைவர் உத்தரவுப்படி அந்தச் சொற்கள் நீக்கப்பட்டுள்ளன என்று பொருள். டிவியில் சூடாக ஓடிய வாக்கியம் பதிவில் மூன்று புள்ளியாகக் கிடக்கும்.

தமிழ் விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை. மக்களவையில் ஒருவர் தமிழில் பேசினால், பதிவில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியும், அடிக்குறிப்பில் 'தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்ற வரியும் வரும். உரை ஆங்கிலத்தில் இருக்கும். பேச்சின் தாளம், கிண்டல், பழமொழி எல்லாம் அரசாங்க ஆங்கிலத்தில் கரைந்துபோகும். அவையில் தமிழுக்கு உரைபெயர்ப்பு இருக்கிறது, உறுப்பினர் காதுக்கு அது போகிறது. பண்ருட்டியில் உட்கார்ந்து கேள்விக்கான பதிலைத் தமிழில் படிக்க ஒரு வழியும் இல்லை. அதனால்தான் ஒன்றரை. அந்த அரை மார்க்கூட, பேசியவர் குரலைக் காணொலியில் தமிழிலேயே கேட்க முடிகிறதே என்பதற்காக.

காணொலிக்கு வருவோம். மக்களவை டிவி, மாநிலங்களவை டிவி என்று தனித்தனியாக இருந்தவை இணைந்து சன்சத் டிவி ஆனது 2021 செப்டம்பர் 15-இல். அவை நடக்கும்போது இரண்டு சேனல்களில் இரண்டு அவையும் ஓடும். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் மாதக் கட்டணமில்லாமல் வரும். யூடியூபிலும் நேரலை உண்டு. ஃப்ரீ டிஷ் வைப்பவர்களுக்கு: செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரி. கடலூர், புதுச்சேரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு, ஏறக்குறைய 69 டிகிரி ஏற்றம், அதாவது தட்டு வானத்தை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். பக்கத்துத் தென்னை மறைக்கும் என்ற பயம் மற்ற ஊர்களைவிட இங்கே குறைவு. தொல்லை வருவது கடற்காற்றால். தட்டின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கருவியில் கேபிள் திருகும் இடத்தில் உப்பு படிந்து துருப்பிடிக்கும், படம் கட்டம் கட்டமாக உடையும். ரப்பர் மூடி போட்டு, மேலே டேப் சுற்றிவிடுங்கள். குளிர்காலக் கூட்டத்தொடர் வருவது நவம்பர், டிசம்பரில். நமக்கு அதுதான் அடைமழைக் காலம். கனமழையில் சிக்னல் போவதைத் தட்டைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. மழை விட்டதும் தானாக வரும், அவசரப்பட்டு மாடி ஏறாதீர்கள்.

நடந்து முடிந்ததைத் தேட யூடியூப் போதும். ஒவ்வொருவர் பேச்சையும் வெட்டிய துண்டுகளும், நாள் முழுக்கப் பதிவும் இருக்கும். துண்டு கிடைக்காதபோது கையாள வேண்டிய முறை: விவாதப் பதிவில் அந்தப் பேச்சின் நேரத்தைப் பாருங்கள். மாநிலங்களவையின் திருத்தப்படாத பதிவில் நேரக்குறி ஆங்காங்கே இருக்கும். அதிலிருந்து காலை 11 மணியைக் கழித்தால் காணொலியில் எங்கே தள்ள வேண்டும் என்று தெரியும். காணொலி சில நிமிடம் முன்பே தொடங்கியிருக்கலாம், ஆகையால் பத்து நிமிடம் முன்னும் பின்னும் துழாவுங்கள். நடுவில் ஒத்திவைப்பு இருந்தால் கணக்கு உதைக்கும்.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. டிவிக்காரர் ஒருவர் எம்.பி. ஆனதும் முதலில் இழப்பது கேமராவின் மேல் இருந்த கட்டுப்பாட்டை. அமளி என்றால் கேமரா அவைத்தலைவரின் நாற்காலியிலேயே நின்றுவிடுகிறது என்று எதிர்க்கட்சிகள் பலமுறை புகார் சொல்லியிருக்கின்றன. ஆகவே கூச்சலுக்கு நடுவே யார் என்ன செய்தார் என்பதற்குச் சன்சத் டிவியை மட்டும் நம்ப முடியாது. நேரக் கட்டுப்பாடோ அவர்களுக்குப் பழகியது. அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில், மாநிலங்களவையில் ஒருவருக்கு மூன்று நிமிடம். முடிந்தால் மைக் தானாக அணைந்துவிடும். மற்றவர்கள் முன்னுரை, வணக்கம், தலைவர் புகழ் என்று இரண்டு நிமிடத்தைத் தின்றுவிட்டு, கோரிக்கையைச் சொல்லும் இடத்தில் வாயசைவாக முடிவதைப் பார்க்கலாம். செய்தி வாசித்தவருக்கு மூன்று நிமிடம் என்றால் எத்தனை சொல் என்று கைவிரலில் தெரியும். மக்களவையின் 377-ஆம் விதியின் கீழ் எழுப்பும் விஷயத்துக்கு வரம்பு 250 சொல். இந்தப் பகுதிகளை எடுத்துப் பார்த்தால், கேமரா பழக்கம் யாருக்குக் கைகொடுத்தது என்று உடனே தெரியும்.

அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுக் கூட்டங்களுக்குக் கேமராவே கிடையாது. துறைவாரி நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்பு இருக்கும், யார் வந்தார் என்று அதில் பார்க்கலாம். யார் என்ன கேட்டார் என்று வெளியே வராது. உண்மையில் வேலை நடக்கும் இடம் இது, டிவி முகத்துக்குப் பயனில்லாத இடமும் இதுவே.

தொகுதி நிதியைத் தனித் தளத்தில் பார்க்க வேண்டும், சன்சத் தளத்தில் தேட வேண்டாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வசிக்கும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் பரிந்துரைக்க வேண்டும். எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். மாநிலங்களவை எம்.பி. தன் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். ஆகவே 'நம்ம ஊருக்கு எதுவும் செய்யவில்லை' என்று அவரைத் திட்டுவதற்கு முன் வேறு மாவட்டங்களையும் பாருங்கள்.

வெளிநாட்டோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்று இன்னும் தெளிவாகும். பிபிசியின் போர்முனைச் செய்தியாளர் மார்ட்டின் பெல், 1992-இல் சராயேவோவில் கேமரா முன் நின்றபோதே குண்டுச்சிதறல் பட்டவர். 1997-இல் டாட்டன் தொகுதியில் சுயேச்சையாக நின்று 11,077 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். லேபர் கட்சியும் லிபரல் டெமாக்ரட்டும் அவருக்காக வேட்பாளரை விலக்கிக்கொண்டன. 2001 வரை அவர் பேசியது அத்தனையும் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் ஹன்ஸார்ட் பதிவில், பெயரைத் தட்டினால் சொல்லுக்குச் சொல் கிடைக்கும். துணைக்கேள்வி தனிக் கோப்பு, மூலக் கேள்வி தனிக் கோப்பு என்ற பிரச்சினை அங்கே கிடையாது, எல்லாம் ஒரே பக்கத்தில் தொடர்ச்சியாக ஓடும். ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொகுப்பாளர் மேக்சின் மெக்யூ 2007-இல் பென்னலாங்கில் பதவியிலிருந்த பிரதமர் ஜான் ஹோவர்டையே தோற்கடித்தார். 2010-இல் அதே தொகுதியில் தோற்றார். அந்நாட்டுக் கேள்வி நேரம் முன்னறிவிப்பே இல்லாதது. ஆனாலும் அவர் பெயரில் சூடான கேள்விகள் தேடினால் ஏமாற்றம்தான், ஆளுங்கட்சியில் நாடாளுமன்றச் செயலாளராக, அதாவது அமைச்சருக்குத் துணையான பதவியில், பதில் சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய பதிவு தேடுகிறவர்களுக்கு ஒரு கவனிப்பு. நாடாளுமன்ற மின்நூலகத்தில் முதல் மக்களவை கூடிய 1952-லிருந்தே விவாதங்கள் இருக்கின்றன. ஆனால் ஊர்ப்பெயரும் நிறுவனப் பெயரும் மாறியிருக்கின்றன. 2006 அக்டோபருக்கு முந்திய பதிவுகளில் 'புதுச்சேரி' என்று தட்டினால் கொஞ்சம்தான் வரும், 'பாண்டிச்சேரி' என்று தட்ட வேண்டும். நெய்வேலி நிறுவனத்துக்கு 2016 வரை 'நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்', அதற்குப் பிறகு 'என்.எல்.சி. இந்தியா'. இரண்டையும் போட்டுப் பாருங்கள். அமைச்சகம் என்ற கட்டத்தில் நிலக்கரி. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பற்றித் தேடுகிறவர்கள் சுற்றுச்சூழல், ரசாயனம் இரண்டு அமைச்சகங்களிலும் பார்க்க வேண்டும். சென்னை–மகாபலிபுரம்–புதுச்சேரி–கடலூர் ரயில் பாதைக்கு ரயில்வே. ஊர்ப்பெயரை விட்டுவிட்டு அமைச்சகத்தை மட்டும் பிடித்தால் ஆயிரக்கணக்கில் கொட்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கைக்கு அடங்கும். பழையவை பல ஸ்கேன் செய்த பக்கங்கள். உள்ளே சொல் தேட வராது, தேதி தெரிந்தால் பக்கம் புரட்டித்தான் எடுக்க வேண்டும்.

கோப்பை இறக்கியதும் பெயரை மாற்றிவிடுங்கள்: அவை, தேதி, கேள்வி எண் மூன்றும் சேர்ந்தாற்போல். எண்ணை மட்டும் குறித்துவைத்தால் பிறகு கிடைக்காது, ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்வி எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.